ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கடிவாளம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அறுந்த கைப்பை வாரைத் தைக்க ஏறாவூருக்குப் போனேன். கதை அங்கே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது, மடியில் கடிவாளத்தோடு.

தோல் சாமான் தைக்கும் ஜிப்ரியின் கடை அது. உட்கார்ந்திருந்தவள் பெயர் உசாந்தி, கல்குடாப் பக்கம். பாசிக்குடாக் கடற்கரையில் சுற்றுலா வருகிறவர்களின் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி நடத்திப் பிழைக்கிறவள். செருப்பு அறுந்து வந்தவர்களை அந்தக் கடையில் நிறையக் கண்டிருக்கிறேன். கடிவாளம் திருத்த வந்த ஒருத்தியைக் கண்டதில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கேட்டேன், அவளும் சொன்னாள்.

அன்று சனிக்கிழமை. ஆகவே சனிக்கிழமை வரை நடந்ததெல்லாம் அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை என்னுடையது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்ல வேண்டாம்.

எழுதட்டுமா என்று கேட்டபோது இரண்டு நிபந்தனை போட்டாள்.

"குதிரயச் சாக்காட்டக் கூடா அக்கா. எங்கட இவரையும் கெட்டவராக்கக் கூடா."

கதை எழுதுகிறவரின் இரண்டு கையையும் கட்டிவிட்டு எழுது என்கிறாள். சரி, பார்ப்போம்.

2

முதல் தொடக்கம்: 'வாவியின் மேல் நிலவு காய்ந்துகொண்டிருந்தது. மீன்கள் பாடும் அந்த'

நிறுத்தினேன். எங்கள் ஊர்க் கதை என்றால் மீன் பாடியே ஆக வேண்டுமா? அவையும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.

இரண்டாவது: 'கடல் கொண்டுபோனது போக மிஞ்சிய'

இதையும் விட்டேன். இந்தப் பக்கத்துக் கதை என்றால் வாசகர் மூன்றாம் பக்கத்திலேயே பிணத்தைத் தேடத் தொடங்குகிறார். எழுதுகிற எங்களுக்கும் கை அப்படியே பழகிவிட்டது. யாரும் சாகக் கூடாதென்று ஒருத்தி கட்டளை போட்டதும் எனக்கு வந்த ஆறுதல் கொஞ்சநஞ்சமில்லை. பேனையை வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன்.

மூன்றாவது: 'றோசிக்கு மூச்சு முட்டியது.'

நல்ல வரிதான். ஆனால் முழுப் பூசணிக்காயையும் முதல் கவளத்திலேயே வெளியே எடுத்துப் போட்டுவிட்டது. அடித்துவிட்டேன். நீங்கள் வாசிக்காததுபோல இருந்துகொள்ளுங்கள்.

3

றோசி மலைநாட்டில் பந்தயம் ஓடி, வயதான பிறகு விற்பனைக்கு வந்த பெட்டைக் குதிரை. உசாந்தியிடம் வந்த நாளிலிருந்து ஒரு பிள்ளையையும் விழுத்தியதில்லை. அவளுடைய பழைய கடிவாளம் உக்கி அறுந்தது. புதியதை ஜிப்ரியிடம் சொல்லிச் செய்வித்து வந்தவன் உசாந்தியின் புருசன் நல்லரத்தினம்.

நல்லரத்தினம் வயல்காரன், வண்டில் மாட்டோடு வளர்ந்தவன். எந்தக் காளையும் அவனுக்கு மூக்கில்தான் அடங்கியிருக்கிறது.

"மாட்டுக்கு நாணயக்கயிறு மூக்கிலதானே. குதிரைக்கு மட்டும் கன்னத்திலயா? கீழ இறக்கிக் கட்டினாத்தான் சொல்லுக் கேக்கும்" என்றான்.

முகத்துக்குக் குறுக்கே போகிற பட்டியை நாசித் துவாரங்களுக்குச் சற்று மேலே வரை இறக்கி, இழுத்துக் கட்டினான். பார்த்து நின்றவர்கள் எல்லாரும் சரி என்று தலையாட்டினார்கள். உசாந்தியும் ஆட்டினாள். அவளும் மாடு கட்டிய வீட்டுப் பிள்ளைதானே.

(இது அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டும், அடியில் இடமில்லை: எந்த வயல்வட்டையில் வேளாண்மை செய்கிறவரும் இதைத்தான் செய்திருப்பார். மூக்கு கையில் இருந்தால் மாடு கையில் என்பது இங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். தெரியாத வேலையில் மனிதர் கவனமாக இருக்கிறார்கள். தெரிந்த வேலையில்தான் சறுக்குகிறார்கள்.)

அன்றிலிருந்து றோசி வேறு குதிரையானாள். தலையை உதறினாள். கொஞ்சம் நடந்து நின்றுகொண்டாள். ஒரு வெள்ளைக்காரப் பையனை மணலில் விழுத்தினாள். பையன் சிரித்துக்கொண்டு எழும்பினான், தாய் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்துக் கடற்கரைக்குப் பொறுப்பான ஹோட்டல் மனேஜர் உசாந்தியைக் கூப்பிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை தானே நின்று பார்ப்பதாகவும், அன்றைக்கும் குழப்பினால் குதிரை இந்த மணலை மிதிக்கக் கூடாதென்றும் சொன்னார். கலியாண ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடுகிற ஒருவர் விசயம் கேள்விப்பட்டு, திங்கட்கிழமை லொறி கொண்டு வரட்டுமா என்று கேட்டிருந்தார்.

பட்டாசும் மேளமும். றோசியை அதற்குள் நினைத்துப் பார்க்கவே உசாந்தியால் முடியவில்லை.

4

இந்த இடத்தில் உசாந்திக்குப் பிள்ளை இல்லை என்று எழுதியிருந்தேன். அப்போதுதானே குதிரைமேல் அவளுக்கு இத்தனை பாசம் ஏன் என்று உங்களுக்கு விளங்கும் என்று நினைத்தேன். பொய். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் வாயாடிகள். குதிரையை நேசிக்க வீட்டில் ஒரு குறை இருந்தே ஆக வேண்டுமென்று யார் சொன்னது?

நல்லரத்தினத்தைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. அதில் அவன் சாராயம் குடித்து, பல்லைக் கடித்து, [நீக்கப்பட்டது].

உண்மையில் அவனுக்குப் பயம். றோசி தலையை உதறும் ஒவ்வொரு முறையும், இது ஒரு நாள் என் பெண்சாதியை மிதித்துப் போடும் என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது. பயம் வந்ததும் பட்டியை இன்னொரு ஓட்டை இறுக்கினான். இறுக்க இறுக்க அவள் உதறினாள். உதற உதற அவன் இறுக்கினான். கெட்டவன் ஒருவன் இருந்திருந்தால் எனக்கு எழுத இலகுவாக இருந்திருக்கும்.

5

சனிக்கிழமை காலை நல்லரத்தினம் அந்த ஊர்வலக் குதிரைக்காரரிடமிருந்து வேறொரு கடிவாளத்தை இரவல் வாங்கி வந்தான். வாய்க்குள் போகிற இரும்பு அதில் முறுக்குக் கம்பி, கீழே தாடைக்குச் சங்கிலி.

"நாளைக்கு ஒரு நாளைக்கு இதப் போடுவம் புள்ள. அசைய மாட்டாள்."

உசாந்தி கம்பியில் விரலை ஓட்டிப் பார்த்தாள். றோசியைக் குளிப்பாட்டி, அதை விட்டுவிட்டு ஜிப்ரி செய்த புதுக் கடிவாளத்தையே மாட்டினாள். மாட்டும்போது நாசி இரண்டும் துடிக்கிறதைக் கண்டாள். ஈரம் துடைக்கப் போன உள்ளங்கை அப்படியே அங்கே நின்றது. பட்டியைத் தளர்த்தினாள், திரும்ப இறுக்கினாள், திரும்பவும் தளர்த்தினாள்.

"இஞ்ச வாங்க. கைய வைங்க."

"எங்க?"

"மூக்குக்கு முன்னால."

வைத்தான். அவள் பட்டியை இறுக்கியபோது மூச்சு கதவிடுக்கால் வருகிற காற்றுப்போல மெலிந்து வந்தது. அவள் பட்டியைக் கழற்றினாள். றோசி பெரிதாகச் செருமி ஒரு மூச்சு விட்டாள், அவனுடைய சேட்டெல்லாம் நனைந்தது. அவன் கையை எடுக்கவில்லை.

"மூச்செடுக்கத்தானா தலைய ஒதறினவள்?"

"ஓம்."

"ஏன், வாயால எடுக்க ஏலாதா?"

"களைச்சு வந்தா மாடு வாயத் திறந்து இரைக்கும். இவள் ஒருக்காலாவது வாயத் திறந்து இரைச்சுக் கண்டீங்களா?"

அவன் யோசித்தான். கண்டதில்லை.

"நான்தானே கட்டின" என்று மணலில் குந்திவிட்டான்.

"நானும் பாத்துக்கொண்டுதானே நிண்ட."

உசாந்திக்கு அழுகை வந்தது. துக்கத்தில் இல்லை. றோசி பொல்லாதவளாகிவிட்டாள் என்று ஊரே சொல்ல, அவளும் பாதி நம்பியிருந்தாள். பொல்லாதவள் இல்லை. மூச்சுத்தான் கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். அந்த நிம்மதியைக் கொண்டுபோய் வைக்க அவளுக்கு இடம் போதவில்லை, றோசியின் கழுத்தில் முகத்தை வைத்து அழுதாள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அப்படியே முன்னால் நின்றது.

"பட்டியத் தளத்துவம், சரி" என்றான் நல்லரத்தினம். "ஆனா நாளைக்கு மட்டும் இந்த இரும்பும் வாயில கிடக்கட்டும். பழகின பயத்தில திரும்பவும் ஒதறினா? உன்ன விழுத்தினா?"

"இரும்பால அடக்கி நாளைக்குக் காட்டினா, மறுகா எல்லா நாளும் இரும்புதான்."

அவன் சம்மதிக்கவில்லை. அவள் கடிவாளத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

"எனக்குக் குதிர விளங்கா தங்கச்சி" என்றார் ஜிப்ரி. "எங்க ஓட்ட வேணும் எண்டு சொல்லுங்க, அங்க போடுறன்."

கன்னத்து எலும்புக்கு இரண்டு விரல் கீழே பட்டி வர வேண்டும். கட்டிய பிறகும் இரண்டு விரல் உள்ளே போக வேண்டும். தன் விரலையே வைத்துக் காட்டினாள். ஜிப்ரி ஓட்டை போட்டார். என் கைப்பையை அன்று அவர் மறந்தேபோனார்.

6

இனி என்னுடைய ஞாயிறு.

முடிவு ஒன்று: 'றோசி கண்மண் தெரியாமல் கடலை நோக்கிப் பாய்ந்'

இல்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன். கை பழக்கத்தில் போய்விட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

முடிவு இரண்டு: 'கடற்கரை முழுவதும் எழுந்து நின்று கைத'

சினிமா.

முடிவு மூன்று. மனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண் தாயின் கையைப் பிடித்தபடி காத்திருக்கிறாள். உசாந்தி ஏறாவூரில் திருத்திய கடிவாளத்தை மாட்டி, பட்டிக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்க்கிறாள். போகிறது.

நல்லரத்தினம் முறுக்குக் கம்பியோடு வருகிறான். (இந்த இடத்தில் அவனை நான் நம்பவில்லை. உங்களைப்போலத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.) கொஞ்ச நேரம் றோசியின் முகத்தைப் பார்க்கிறான். கம்பியை மணலில் போடுகிறான். சாரத்தை மடித்துக் கட்டுகிறான்.

"புள்ளைய ஏத்த முதல் நான் ஏறுறன். விழுறதெண்டா நான் விழுறன்."

அவன் இதுவரை எந்தக் குதிரையிலும் ஏறியதில்லை. இரண்டு தரம் வழுக்கி மூன்றாம் தரம் ஏறிவிடுகிறான். கடிவாள வார் அவன் கையில். றோசி காதை அசைக்கிறாள், செருமுகிறாள், தலையைத் தூக்குகிறாள். உசாந்தி மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். றோசி தலையை இறக்கி நடக்கத் தொடங்குகிறாள். உதறவில்லை. நிற்கவுமில்லை. ஈர மணலில் நிதானமாக, மூச்சு நிறைய எடுத்து, நடக்கிறாள்.

மனேஜர் கட்டிய கையை அவிழ்த்து, சின்னப் பெண்ணின் தாயிடம், "அடுத்தது உங்கட மகள்" என்கிறார்.

உசாந்தி அப்படியே மணலில் உட்கார்ந்துவிடுகிறாள். திங்கட்கிழமை லொறி வராது.

நல்லரத்தினம் மட்டும் போய்க்கொண்டிருக்கிறான், தோணிகள் இழுத்துவிட்ட இடமும் தாண்டி. காற்றில் அவன் குரல் வருகிறது.

"உசா, இவள எப்பிடி நிப்பாட்டுற?"

உசாந்திக்குத் தெரியும். சொல்ல முடியவில்லை, அத்தனை சிரிப்பு. இத்தனை நாள் சிரிக்காததெல்லாம் சேர்ந்து வருகிறது. எனக்கோ தெரியவே தெரியாது. குதிரையையும் நிப்பாட்டத் தெரியாது, இந்தக் கதையையும் தெரியாது. உங்களில் யாருக்காவது அவசரமென்றால் ஓடிப்போய் வாரைப் பிடியுங்கள், மெதுவாக. நான் உசாந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.