வளையலின் மேல்தோல்

1

இந்தக் கதை, பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரி சொன்னது. கன்னம் வீங்கியிருந்ததால் அவள் பேச்சில் பாதி புரியவில்லை. அந்தப் பாதிக்கு மட்டும் நான் பொறுப்பு.

2

'அணுக்களின் அமைதியான உலகிலே' என்று ஆரம்பித்து

வேண்டாம், நேராகவே சொல்கிறேன். அவள் ஆராய்ச்சிக்காரி. காற்றை உறிஞ்சியெடுத்த எஃகுக் கலத்துக்குள் உலோகத்தை வைத்து, அதன்மேல் அயனிகளை எறிவாள். (அயனி என்றால் மின்னேற்றம் கொண்ட அணு. பந்து என்றே வைத்துக்கொள்ளுங்கள்.) கனத்த அணுவில் பட்ட பந்து வேகம் அதிகம் குறையாமல் திரும்பும்; லேசான அணுவில் பட்டது சோர்ந்து திரும்பும். திரும்பும் ஆற்றலை அளந்தால் மேல்வரிசையில் இருப்பது எந்த அணு என்று தெரியும். மேல்வரிசை மட்டும்.

3

ஒருநாள் நாத்தனார் (அவள் கூப்பிடுவது அண்ணி என்று) வளையலோடு வந்து நின்றாள். மகளுக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று என்று மாமியார் கொடுத்த ஜோடியில் ஒன்று.

“உனக்கு நிஜத்தைக் கொடுத்துட்டு எனக்கு முலாம் பூசினதைக் கொடுத்தாங்க. உன் மெஷின்ல வச்சுப் பாரு.”

முதலில் தெரிந்தது சோப்பும் வியர்வையும். அதை அயனிகளாலேயே சுரண்டியெடுத்ததும், திரையில் ஓடிய கோட்டில் கனத்த அணுவுக்குரிய இடத்தில் முகடு உயர்ந்தது.

“தங்கம்தான் அண்ணி.”

அண்ணியின் முகம் தொங்கிப்போயிற்று. “நல்லாப் பாரும்மா. தங்கம்னா இத்தனை வருஷம் நான் எதுக்கு அம்மாகூடப் பேசாம இருந்தேன்?”

“உள்ள என்னன்னு தெரியணும்னா ஒவ்வொரு அடுக்கா உரிக்கணும். நாளாகும்.”

“உரி. நான் உக்காந்திருக்கேன்.”

4

(அண்ணியைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை.)

மடக்கு நாற்காலி, தலையணை, பிளாஸ்க் சகிதம் தினமும் வந்தாள். பம்பின் இரைச்சலுக்குச் சரிக்குச் சரியாகக் குறட்டை விட்டாள். உரிந்த அணுக்களைத் திருப்பித் தருவீர்களா என்று ஆய்வக இயக்குநரையே வழிமறித்துக் கேட்டாள். விசாரித்துச் சொல்வதாக அவரும் சொன்னார். நாளாக ஆக அம்மாவைப் பற்றிய புகார்கள் தீர்ந்துபோய், அம்மாவின் முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினாள்.

5

ஒரு மதியம், திரையில் தங்கத்தின் முகடு கரைந்தது. குறைந்த ஆற்றலில் வேறொன்று எழுந்தது. செம்பு.

அண்ணி அதற்குள் நாற்காலியை மடக்கியிருந்தாள். “போதும்மா, நிறுத்திடு. அம்மாவைப் பாத்துட்டு வரலாம்னு கிளம்பறேன். இன்னும் தங்கம்தானே?”

முடிவு அ: ஆராய்ச்சிக்காரி உண்மையை

முடிவு ஆ: இல்லை, வாய்கூசாமல் ஒரு பொ

இரண்டையும் அடித்துவிட்டேன். அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்தத் திரையைப் படிக்கத் தெரிந்தவர்கள் அறையில் இருவர்தான்: ஆராய்ச்சிக்காரி ஒருத்தி, இப்போது நீங்கள். அவள் குனிந்துகொண்டாள்.

அண்ணி உங்கள் முகத்தைப் பார்க்கிறாள்.