இரண்டு பெட்டி வாங்கி வந்த லைல்

வாண்டா கேட்டது ஒரு பெட்டி. அவள் கணவன் லைல் இரண்டு பெட்டியோடு வந்து நின்றான். அதுவும் ஏதோ சாதித்துவிட்டவன் மாதிரி இளித்துக்கொண்டு நின்றான். பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைக்கூடத் தட்டவில்லை.

கடை இருக்கும் எட்மன்டன் நகரத்துக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அவளே போயிருப்பாள், வேலை விடவில்லை. ஊரில் புதிதாகக் கட்டத் திட்டமிட்டிருக்கும், பனியில் கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் கர்லிங் ஆட்டத்துக்கான அரங்கம் உள்ளே எப்படி இருக்கும் என்று காட்டும் மூன்று நிமிடப் படம், திங்கட்கிழமை மாலை ஊர் மன்றத்தில் ஓட வேண்டும். பனித்தரை, அதில் சறுக்கும் கற்கள், கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்த்தபடி துடைப்பத்தோடு ஓடும் ஆட்டக்காரர்கள், கண்ணாடிக்குப் பின்னால் காபியும் கையுமாக நிற்கும் இருநூறு பேர், எல்லாம் அவள் கம்ப்யூட்டரில் உருவாக்கியவை. நான்கு வருடமாக அவள் செய்த படங்கள் வேறொரு நிறுவனத்தின் பெயரில்தான் வெளியே போயின. இதில்தான் முதல் தடவையாக அவள் பெயர். நன்றாக அமைந்தால் வருடம் முழுக்க வேலை தருவதாக அரங்கத்தை வடிவமைத்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

நேரம் பார்த்து வியாழக்கிழமை, கம்ப்யூட்டரில் படத்தை உருவாக்கும் பழைய கிராபிக்ஸ் கார்டு உயிரை விட்டது. சனிக்கிழமை காலை வாண்டா ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி லைல் கையில் கொடுத்தாள். பதினாறு ஜிபி மெமரி உள்ள பெரிய கார்டு, ஒன்று.

அவன் வாங்கி வந்தது நடுத்தரமான கார்டு, இரண்டு. ஒவ்வொன்றிலும் எட்டு ஜிபி. அதே விலைக்கு வேகம் இரட்டிப்பு என்றான். எட்டும் எட்டும் பதினாறு, கணக்கும் சரி என்றான். கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே கம்ப்யூட்டரின் கண்ணாடிப் பக்கத்தைத் திறந்துவிட்டான்.

"கூட்ட முடியாது லைல். மொத்தக் காட்சியும் ஒவ்வொரு கார்டுக்குள்ளயும் தனித்தனியா ஏறணும். என்னோடது பதினோரு ஜிபி. ரெண்டு சின்ன வண்டி இருக்குன்னு ஒரு சோபாவை ரெண்டா வெட்டியா ஏத்துவே?"

"மாட்டிப் பார்த்துட்டுப் பேசு," என்றான் அவன்.

மாட்டினான். உள்ளே நீல விளக்குகள் எரிந்தன. வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் நான்கு கோணத்தில் போட்டோ எடுத்தான். இணையத்தில் அவனுக்கு ஒரு குழு உண்டு. அதில் எல்லோரும் தங்கள் கம்ப்யூட்டரைப் படம் பிடித்துப் போடுவார்கள்; எதை வாங்குவது என்று ஓட்டெடுப்பும் நடத்துவார்கள். திருகாணி வாங்கக்கூட அங்கே கேட்காமல் லைல் கடைக்குப் போகமாட்டான்.

வாண்டா அரங்கக் காட்சியைத் திறந்து, அதைப் படமாக மாற்றச் சொல்லி ரெண்டர் கொடுத்தாள். பத்து விநாடிகூட ஆகவில்லை, மெமரி போதவில்லை என்று நின்றுவிட்டது. மறுபடி கொடுத்தாள். மறுபடி நின்றது. லைல் பின்னால் நின்று அதை மாற்று, இதை மாற்று என்றான். எல்லாவற்றையும் மாற்றினாள். நின்றதுதான் மிச்சம்.

"பின்னாடி நிக்கிற அந்தக் கூட்டத்தைத் தூக்கிடேன்," என்றான் அவன். "யாரு எண்ணிப் பார்க்கப் போறாங்க?"

 அந்த இருநூறு பேருக்கும் தனித்தனியாகத் தொப்பி மாட்டி, ஸ்வெட்டர் போட்டு, ஒருவர் மாதிரி இன்னொருவர் இல்லாமல் ஆறு வாரம் உட்கார்ந்து வாண்டா செய்திருந்தாள். ஊர்க்காரர்கள் தங்களை அங்கே பார்க்க வேண்டும், அப்போதுதான் மன்றத்தில் அரங்கம் வேண்டும் என்று கையைத் தூக்கி ஓட்டுப் போடுவார்கள் என்பது அவள் கணக்கு.

தாளில் அவ்வளவு தெளிவாக எழுதிக் கொடுத்தும் ஏன் மாற்றினாய் என்று கேட்டாள். குழுவில் பதினேழு பேர் ஓட்டுப் போட்டார்கள், பதினைந்து பேர் இரண்டு கார்டுதான் சொன்னார்கள் என்றான். காட்டு என்று கையை நீட்டினாள். அவன் போனைக் கொடுக்கத் தயங்கினான். பிடுங்கிக்கொண்டாள்.

முகம் தெரியாத யாரோ ஒருவர் ஒழுங்காகத்தான் கேட்டிருந்தார்: உங்கள் மனைவி செய்யும் காட்சி எவ்வளவு மெமரி எடுக்கும்? பெரிதாக இருந்தால் இரண்டு கார்டு உதவாது, அவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கீழே லைல் பதில் எழுதியிருந்தான்: அவள் சும்மா பொழுதுபோக்காகப் பண்ணுகிறாள். இதெல்லாம் அவளுக்கு விளங்காது. எட்டே அதிகம்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"அங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம் வாண்டா. சும்மா ஒரு பேச்சு."

"அடுத்த அறையிலதானே இருந்தேன்? கதவைத் தட்டிக் கேக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

 வாண்டா கம்ப்யூட்டரை அணைத்து, இரண்டு கார்டையும் கழற்றி, வந்த உறையிலேயே போட்டுப் பெட்டியை மூடினாள். கடை ஆறு மணி வரைதான். நான் ஓட்டுகிறேன் என்று லைல் சாவியை எடுத்தான். அவள் சாவியை வாங்கிக்கொண்டு தனியாகப் போனாள். நெடுஞ்சாலையில் போகப் போகத்தான் கோபம் முழுசாக ஏறியது. ஏமாளித்தனமாக வாங்கி வந்ததைக்கூட மன்னித்துவிடலாம். பொழுதுபோக்காம். இந்த வீட்டின் பாதிச் செலவு நான்கு வருடமாக அந்தப் பொழுதுபோக்கில்தான் ஓடுகிறது.

கடையில் முகத்தைச் சுளித்துக்கொண்டே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பெரிய கார்டு ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது.

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தவள் யாரையும் கூப்பிடாமல் தானே மாட்டினாள். ரெண்டர் கொடுத்தாள். இந்தத் தடவை நிற்கவில்லை. திரையில் பனித்தரை வெளுத்தது. ஒரு கல் மெல்லச் சறுக்கியது. கண்ணாடிக்குப் பின்னால் இருநூறு பேரும் நின்றார்கள், ஒருவர் குனிந்து குழந்தைக்கு மூக்குத் துடைத்தார். இப்படியே ஓடினால் ஞாயிறு மதியத்துக்குள் படம் முடிந்துவிடும்.

லைல் சத்தமில்லாமல் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். வெகுநேரம் பார்த்தான்.

"இதெல்லாம் நீயே பண்ணினதா?" என்றான். குரலில் கிண்டல் கொஞ்சமும் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

மத்தியானம் அந்தப் பதிலைப் படித்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு வலிக்கவில்லை. நான்கு வருடம், ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர்.

"ஆமா," என்றாள், திரும்பாமல். "போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ. எனக்கு வேலை இருக்கு."