ஏழாவது மதகு

என் தம்பிக்கு வீட்டில் ஆமை என்று பெயர். ஒரு மழைத்துளியை வரைய நான்கு நாள் எடுத்துக்கொள்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஆறு வருஷம் உட்கார்ந்து ஒரு வீடியோ கேம் செய்தான். பழைய காலத்து கேம் மாதிரி எல்லாம் சின்னச் சின்னக் கட்டம், மொத்தமே பதினாறு நிறம். அம்மா அவன் அறையை எட்டிப் பார்க்கும்போதெல்லாம், "பொம்மைக்குப் பேன் பாக்கறது இன்னும் முடியலையா?" என்பாள். அவன் திரும்பாமலே, "இன்னும் ரெண்டு தலை பாக்கி இருக்கும்மா" என்பான்.

கேம் இதுதான். தண்ணீர் வற்றிப்போன ஒரு பெரிய அணைக்குள், கையில் டார்ச் லைட்டோடு ஒரு வாட்ச்மேன் இறங்குகிறான். தாவி, ஏறி, சுவர்களைத் தட்டிப் பார்த்து, ஏழு மதகுகளைத் திறக்க வேண்டும். எந்தப் பக்கம் போவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வரைபடம் கிடையாது, அம்புக்குறி கிடையாது. ஏழாவது மதகுக்குப் பின்னால், எப்போதோ மூழ்கிப்போன ஊர் இருக்கிறது. நாற்பத்தொரு வீடுகள். ஆறு வருஷத்தில் நான்கு வருஷத்தை அந்த ஊரே தின்றுவிட்டது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு விளக்கு, ஒவ்வொரு விளக்குக்கும் பக்கத்தில் ஒரு ஆள். கடைசி வீடு எங்கள் வீடு. அதில் கண்ணாடி போட்ட ஒருத்தி மேஜையில் குனிந்து எதையோ துடைத்துக்கொண்டிருப்பாள். அது நான். மூக்கு என்று மூன்று கட்டம் வைத்திருக்கிறான், என் மூக்கேதான்.

இதற்கு முன் அவன் செல்போன் விளம்பரங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தான். விளம்பரத்தின் மூலையில் ஒரு பெருக்கல் குறி இருக்குமே, தொட்டால் விளம்பரம் ஒழியும் என்று நாம் நம்புகிற குறி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாக்குவதுதான் அவன் வேலை. அதில் கெட்டிக்காரன் என்று பெயர் வேறு. அதை விட்டுவிட்டு வந்தபோது மேனேஜர், கேம் வெளிவந்து மூன்று மாதம் வரை நாற்காலியைக் காலியாக வைத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். நல்ல மனுஷன், அல்லது நடக்கப்போவது தெரிந்த மனுஷன்.

"மூணு மாசத்துல இது தன் கால்ல நின்னுட்டா அடுத்த கேமை ஆரம்பிப்பேன்க்கா" என்றான் தம்பி. "இல்லைன்னா இந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டேன்." ஆமை எதையும் விளையாட்டுக்குச் சொல்லாது.

அவனுக்கு ஒரு பலவீனம். யார் என்ன சொன்னாலும் உள்ளே இறங்கிவிடும். முன்பு ஒருமுறை கேமின் ஒரு துண்டை மட்டும் வெளியிட்டபோது, 'இதற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம்' என்று எவனோ எழுதிவிட்டான். என் தம்பி பதினோரு நாள் சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தான். அதனால் இந்தமுறை விளையாடுபவர்களின் கருத்துகளைப் படிக்கும் வேலை எனக்கு வந்தது. காலையில் கண்ணாடிக் கடைக்குக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் படித்துவிட்டு, டீ குடிக்கும்போது நல்லதை மட்டும் அவனுக்குச் சொல்ல வேண்டும்.

"ஏதாவது உடைஞ்சிருந்தா சொல்லு" என்றான். "ஆனா கஷ்டமா இருக்கு, வழி தெரியலன்னு வர்றதை எல்லாம் எங்கிட்ட கொண்டு வராதே. வழி தெரியாம சுத்தறதுதான் கேமே. அவங்களுக்கு 'தேடுங்கள், வழி இருக்கிறது'ன்னு எழுதிடு, போதும்."

நான் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

கேம் வெளிவந்த முதல் வாரம் தேன் ஒழுகியது. 'பத்து வயதுக்குத் திரும்பிப் போனேன்' என்றார் ஒருவர். 'பதினாறு நிறத்தில் இப்படி ஒரு மழையா?' என்றாள் ஒரு பெண். வாட்ச்மேன் தாவும்போது கால் வழுக்குகிறது என்று ஒருவர் குறைப்பட, அணை என்றால் பாசி இருக்காதா என்று இன்னொருவர் அவரோடு மல்லுக்கு நின்றார். நான் படிக்கப் படிக்க, டீ ஆறுவது தெரியாமல் தம்பி கேட்டுக்கொண்டிருப்பான். அந்த வாரம் இருந்ததைப்போல அவன் முகம் இருந்து நான் பார்த்ததில்லை.

பிறகு இன்னொரு ரகம் வர ஆரம்பித்தது. 'ஏழாவது மதகில் மாட்டிக்கொண்டேன்.' 'ஆறு திறந்தாயிற்று, இனி எங்கே போவது?' 'வரைபடம் வைக்க அவ்வளவு சோம்பேறித்தனமா?' எனக்கு எரிச்சலாக வந்தது. ஆறு வருஷம் ஒருத்தன் முதுகெலும்பு தேய உழைத்திருக்கிறான், இவர்களுக்கு வாயில் ஊட்டிவிட வேண்டுமாம். ஒவ்வொருவருக்கும் கேமின் பெயரில் பதில் போட்டேன். தேடுங்கள், வழி இருக்கிறது. சில நாள் முப்பது பேருக்குக்கூடப் போட்டேன்.

அவர்களில் ஒரு லாரிக்காரர் இருந்தார். ரிவர்ஸ் கியர் என்று பெயர் வைத்துக்கொண்டவர். யார் எத்தனை மணி நேரம் விளையாடியிருக்கிறார்கள் என்பது கருத்துக்குப் பக்கத்திலேயே தெரியும். ஆறு மணி நேரத்தில் அவர் எழுதியது: 'கோடவுன் வாசலில் லோடு இறக்கக் காத்திருக்கும்போது கையடக்க மெஷினில் விளையாடுகிறேன். மழைச் சத்தத்தில் ஹாரன் சத்தமே காதில் விழவில்லை.' பத்தொன்பது மணி நேரத்தில்: 'ஏழாவது மட்டும் திறக்கவில்லை. நான்தான் எதையோ விட்டிருக்கிறேன்.' நாற்பத்து நான்கில்: 'எல்லாச் சுவரையும் தட்டிவிட்டேன். வழி இருக்கிறது என்று நீங்கள் சொல்வதால் தேடுகிறேன்.' எழுபத்தொன்றில்: 'எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை போலிருக்கிறது. கேம் மேல் தப்பில்லை.'

இந்தக் கடைசியை நல்லது என்ற கணக்கில் சேர்த்து, டீ குடிக்கும்போது தம்பிக்குப் படித்தேன். 'கேம் மேல் தப்பில்லை' என்ற வரியை மட்டும். அவன் சிரித்தான்.

கேமை விற்கும் இணையதளம், அதன் பக்கத்தின் தலையில் ஒரு தீர்ப்பு எழுதும். முதலில் 'மிக நன்று' என்று இருந்தது 'நன்று' ஆகி, ஏழாவது வாரத்தில் 'கலவையான கருத்துகள்' என்று ஆனது. எப்படிப் போகிறது என்று தம்பி கேட்டால், "போகுது போகுது" என்பேன். பொய் இல்லை. போய்க்கொண்டுதான் இருந்தது.

பதினோராவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவன் டீ டம்ளரை வைத்துவிட்டு, "ஏன்க்கா, ஊரைப் பத்தி ஒருத்தர்கூட எழுதலையா?" என்றான்.

யோசித்தேன். மழையைப் பற்றி, இசையைப் பற்றி, டார்ச் வெளிச்சத்தைப் பற்றி எல்லாம் எழுதியிருந்தார்கள். ஊரைப் பற்றி ஒருத்தரும் எழுதவில்லை. அவன் எழுந்து போய்க் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தான். எத்தனை பேர் எதுவரை போனார்கள் என்ற எண்ணிக்கை. முதல் மதகு, தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேர். ஆறாவது, ஐந்நூற்று நான்கு பேர். ஏழாவது மதகுக்கு நேராக ரெண்டு என்று இருந்தது.

"யாருடா அந்த ரெண்டு பேர்?"

"ஒண்ணு நான்" என்றான். "இன்னொண்ணு நீ."

மறைத்து வைத்த எல்லாவற்றையும் காட்டச் சொன்னான். காட்டினேன். கடைசிவரை படித்தான். பிறகு கேமை முதலிலிருந்து ஆரம்பித்து, இரண்டாவது மதகுக்குப் போகும் இடத்தில் நின்றான்.

"இங்க நீ எந்தப் பக்கம் போவே?"

"இடது பக்கம். விரிசல் இருக்கற சுவரை உடைச்சிட்டு. நீதானே அப்படிச் சொல்லிக்கொடுத்தே?"

"நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றான்.

சுவரில் இருந்த விரிசல் நான்கு கட்டம். அதை வரைந்தவனுக்கு அது கதவு. பக்கத்தில் உட்கார்ந்து அவன் கைகாட்டியதால் எனக்கும் கதவு. வேறு யார் கண்ணுக்கும் முதலில் அது படாது. எல்லோரும் வலது பக்கமாகப் போய் மூன்றாவது மதகைத் திறந்துவிட்டு, பிறகுதான் திரும்பிவந்து இரண்டாவதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்படித் திறந்தால் கேம் அந்த இரண்டாவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆறு திறந்தும் ஐந்து என்றே நினைத்துக்கொண்டு ஏழாவது மதகு மூடியே கிடக்கும். எத்தனை சுவரைத் தட்டினாலும் திறக்காது. வழி இருக்கிறது என்று நான் முந்நூறு பேருக்கு மேல் எழுதியிருக்கிறேன். வழி இல்லை.

அவன் அதைச் சரிசெய்யக் கால் மணி நேரம் ஆனது. மாற்றியது ஒரே ஒரு வரி.

"உடைஞ்சிருந்தா சொல்லுன்னு சொன்னேனேக்கா."

"உடைஞ்ச மாதிரி தெரியலடா. தொலைஞ்ச மாதிரிதான் தெரிஞ்சுது."

"ஆமா" என்றான். "நான் படிச்சிருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன்."

திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் கடையில் ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதித்தேன். கடைசி வரி தெரியவில்லை என்றார். உடனே கை தானாகப் போய் வில்லையை மாற்றியது. பதினாலு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். தெரியவில்லை என்று சொன்ன ஒருத்தரிடமும், நன்றாகப் பாருங்கள், எழுத்து இருக்கிறது என்று நான் சொன்னதில்லை. அந்தப் பெரியவர் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தன் கண்ணுக்குத்தான் ஏதோ பெரிய கோளாறு என்று பயந்துபோனார்.

சரிசெய்த கேமை அந்த ஞாயிற்றுக்கிழமையே வெளியிட்டாயிற்று. யாரும் வரவில்லை. போனவர்கள் வேறு கேம்களுக்குப் போய்விட்டார்கள். தலையில் இருந்த தீர்ப்பும் அப்படியே இருந்தது. திருத்தம் பற்றிய அறிவிப்புக்குக் கீழே ஒரே ஒருவர், 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' என்று எழுதியிருந்தார். இப்போது எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்று ஒரு எண் காட்டும். அது பெரும்பாலும் பூஜ்யம். ஒருமுறை ஒன்று என்று காட்டியதும் தம்பியின் அறைக்கு ஓடினேன். அவன்தான் விளையாடிக்கொண்டிருந்தான். வாட்ச்மேனை அந்த ஊரின் நடுத்தெருவில் நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான்.

நான் பதில் போட்ட ஒவ்வொருவருக்கும் மறுபடி எழுதினேன். மன்னித்துவிடுங்கள், தவறு எங்களுடையது, இப்போது ஏழாவது திறக்கும். எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆனது. பதில் வந்தது ஒருவரிடமிருந்துதான்.

அது வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. தம்பி பழைய கம்பெனிக்குத் திரும்பி இரண்டாவது வாரம். வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். பெருக்கல் குறியை இப்போது விளம்பரத்தின் நிறத்திலேயே வைக்கிறார்களாம், சொல்லியிருந்தான். அவன் அறையில் கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டு போர்த்திக் கிடந்தது.

"லாரிக்காரர் எழுதியிருக்கார்டா" என்று சொல்லிவிட்டுப் படித்தேன். 'சொன்னதற்கு நன்றி. என் புத்தி மழுங்கிவிட்டது என்று நினைத்து மெஷினை மச்சினனுக்குக் கொடுத்துவிட்டேன். இனி விளையாட மாட்டேன். அந்த மதகுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.'

தம்பி லேஸைக் கட்டி முடித்தான்.

"ஒண்ணுமில்லன்னு எழுதிடு."

"நாப்பத்தொரு வீடு இருக்குடா."

"இருந்திருந்தா யாராவது பாத்திருப்பாங்கக்கா" என்றான்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். முதல் வீட்டில் ஒரு பாட்டுக்காரன், அடுத்த வீட்டில் துணி உலர்த்தும் இரட்டையர்கள் என்று எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது வீட்டில் யார் என்று எனக்கு நினைவு வரவில்லை. அவனைக் கேட்கலாம் என்று நிமிர்ந்தேன்.

உள்ளேயிருந்து அம்மா, "ஆமை கிளம்பிடுச்சா?" என்று குரல் கொடுத்தாள்.

அவன் அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருந்தான்.