எட்டுப் புள்ளி

கொழுந்தன் காலையிலேயே அவள் வேலை பார்க்கும் தந்தி ஆபீசில் வந்து நின்றான். அவன் கையில் இருந்தது அவளுக்கு வந்த கடிதம். பிரித்துப் படித்திருந்தான்.

"யாரு அண்ணி இந்த ஆளு? மூஞ்சியக்கூட பார்க்காம மூணு வருஷமா கம்பியிலயே குடித்தனமா?"

பக்கத்து நகரத்துத் தந்திக்காரர் அவர். வேலை ஓய்ந்த நேரங்களில் மழையா, சாப்பிட்டாச்சா என்று கம்பி வழியே தொடங்கிய பேச்சு. கணவன் இறந்துபோன ஆறு வருஷத்தில் வீட்டில் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்க நாதியில்லை. இவர் கேட்டார், பிடித்துப்போனது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இப்போது அவருக்குக் கடல் தாண்டி மாற்றல். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கடிதத்தில் கேட்டிருந்தார். சம்மதமென்றால் கூட்டிப்போக வருவார். இல்லையென்றால் இன்று மத்தியானக் கப்பலில் ஏறிவிடுவார். போனால் போனதுதான்.

கொழுந்தன் எழுதிய தாளை நீட்டினான். 'சம்மதம் இல்லை.'

"உங்க கையாலயே அடிங்க, என் கண்ணு முன்னாடி. இல்லன்னா வீட்டுப் படி ஏறாதீங்க."

மூலையில் தந்தி மாஸ்டர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்; காது மட்டும் இங்கே இருந்தது. எழுதிக் கொடுத்ததில் ஓர் எழுத்து மாறினாலும் சீட்டைக் கிழித்துவிடுவார்.

அவள் அடித்தாள். சம்மதம். அடுத்த சொல்: இல்லை.

அதோடு கை தந்தி விசையை விடவில்லை. விடாமல் எட்டுப் புள்ளி தட்டியது. தந்திக்காரர்களுக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான்: கடைசிச் சொல் பிழை, நீக்கிவிடு.

மாஸ்டரின் பேனா நின்றது. கொழுந்தனுக்கு எல்லாமே கடகடச் சத்தம்தான்.

எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வந்து கருவி படபடத்தது.

"என்னவாம்?" என்றான் கொழுந்தன்.

அவள் மாஸ்டரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "கேக்குறாருல்ல, சொல்லும்மா," என்றார்.

"வந்து சேர்ந்தது சரிதானான்னு கேக்குறார்."

"சரின்னு சொல்லித் தொலைங்க."

'சரி' என்று அடித்தாள். வேலையும் வீடும் ஒருசேரப் போகப்போகின்றன என்று தெரிந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது, பயத்தைவிடச் சந்தோஷத்தில். இனி இவனிடம் மறைத்து ஆகப்போவது என்ன? எழுந்து நின்றாள்.

"தம்பி, நீங்க எழுதினதுல பாதிதான் அவருக்குப் போயிருக்கு."

"எந்தப் பாதி?"

"முதல் பாதி."