இரண்டு விரல் இடம்

“வீட்டுல நீ சொல்றதுக்கெல்லாம் நான் தலையாட்டறேன். தியேட்டர்ல நான் சொல்றதுக்கு நீ தலையாட்டு. சரியா?”

“அங்க தலை ஆடக்கூடாதுன்னுதானேங்க பேஷண்ட் மண்டையில மூணு முள்ளை வச்சு இறுக்கறீங்க?”

“இந்த வாய் இருக்கே, இதைத்தான் வாசல்லயே விட்டுட்டு வரச் சொல்றேன்.”

கல்யாணமான புதிதில், சமையலறை மேடையில் காய் நறுக்கிக்கொண்டே இருவரும் சிரித்துப் பேசிய பேச்சு அது. அவர் மூளை அறுவை மருத்துவர். அவள் மயக்க மருந்து மருத்துவர். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ஆபரேஷன் மேஜை. நோயாளியின் தலைப்பக்கம் அவருக்கு, மற்றதெல்லாம் அவளுக்கு என்று தியேட்டர் நர்ஸ் அக்கா கேலி செய்வாள்.

மறு வருஷமே அந்தச் சிரிப்பு தொலைந்தது. ஒருநாள் மாணவர்கள் சூழ்ந்து நின்றபோது, “சார், கழுத்து ரொம்பத் திரும்பியிருக்கு” என்று அவள் சொல்லிவிட்டாள். அவர் அதைச் சரிசெய்தார். ஆனால் வீட்டில் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உப்பு எங்கே என்பதைக்கூட அலமாரியிடம்தான் விசாரித்தார்.

அன்றிலிருந்து அவள் வாயைக் கட்டிக்கொண்டாள். குடும்பம் நிம்மதியாக ஓடியது.

கழுத்து விஷயம் சின்னதுதான். மூளைக்கு ஏறிய ரத்தம், பேச்சுவழக்கில் கழுத்து நரம்பு என்கிற ரத்தக் குழாய்கள் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். கட்டியை எட்டுவதற்காகத் தலையை அளவுக்கு மீறித் திருப்பி மடக்கினால், மடிந்த தோட்டக் குழாய் போல அந்த வழி அடைபடும். ஏறுவது ஏறிக்கொண்டே இருக்கும், இறங்குவதற்கு வழி இருக்காது, மூளை வீங்கும். அதனால்தான் முகவாய்க்கும் காறை எலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய இடம் விடுவது. இடம் போதாத நாட்களில் அவள் வாய் திறக்காமல் மேஜையின் தலைப்பக்கத்தை உயர்த்துவாள், வீக்கம் குறைக்கும் மருந்தை ஏற்றுவாள். பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

மூளைக் கட்டியோடு வந்த ஒரு தையல்காரம்மா விஷயத்தில் அப்படிச் சமாளிக்க முடியவில்லை. மண்டையைத் திறந்ததும் மூளை பொங்கும் பால் போல மேலே வந்தது. அவர் வியர்த்து விறுவிறுத்து, அவசர அவசரமாகக் கட்டியை எடுத்து மூடினார். உயிர் தப்பியது. வலது கை விரல்களின் பிடி மட்டும் திரும்பி வரவில்லை.

“என் கைதான் சொதப்பிடுச்சு” என்று அன்று அவர் படுக்கையில் உட்கார்ந்து விரல்களை விரித்து விரித்துப் பார்த்தார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலிக் கையில் நூலைக் கட்டி, முடிச்சுப் போட்டுப் பழகினார், முதல் வருஷ மாணவன் மாதிரி. “கட்டி அப்படிப்பட்டதுங்க, நீங்க என்ன செய்வீங்க?” என்று அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அப்படித் தடவிய கையை வெட்டிப் போட்டாலும் தகும் என்று அவளுக்குத் தோன்றும். கழுத்தில் அந்த நரம்பு புடைத்திருந்ததை அவள் பார்த்திருந்தாள். பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருந்தாள்.

இன்று காலை ஆஸ்பத்திரி வராந்தாவில், பரிசோதனைக்கு வந்திருந்த தையல்காரம்மா எதிர்ப்பட்டாள்.

“டாக்டரம்மா, கை ஓரத்துல தையல் விட்டிருக்கு பாருங்க” என்று அவளுடைய கோட்டுக் கையைத் தொட்டாள். பழக்கதோஷத்தில் வலது கைதான் நீண்டது. விரல்கள் துணியைப் பிடிக்கத் தெரியாமல் வழுக்கின. தையல்காரம்மாவே சிரித்துவிட்டாள். “இதுக்கு இன்னும் புத்தி வரல. பழைய நெனப்பு! ஐயாவைக் குத்தம் சொல்லாதீங்க, அவர் கை பொன்னான கை. எல்லாம் என் தலையெழுத்து.”

 ‘தலையெழுத்து இல்லைம்மா, நான்தான்’ என்று தொண்டைவரை வந்ததை விழுங்கிக்கொண்டு அவள் தியேட்டருக்குள் போனாள்.

இன்றைய நோயாளி ஒரு பஸ் டிரைவர். தூங்கப் போகுமுன் அவளைப் பார்த்து, “எழுந்ததும் ஸ்டியரிங் பிடிப்பேன் இல்ல, டாக்டரம்மா?” என்றார்.

“பிடிப்பீங்கண்ணே” என்று சொல்லித்தான் மருந்தை ஏற்றினாள்.

முள் கிளாம்பை மாட்டி, தலையைத் திருப்பி இறுக்கிவிட்டு அவள் கணவர் கை கழுவப் போனார். அவள் குனிந்து முகவாய்க்கடியில் விரலை வைத்தாள். ஒரு விரல் நுழைந்தது. இரண்டாவது நுழையவில்லை. காதுக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரிப் புடைத்து நின்றது. தன் தவறாக இருந்துவிடக் கூடாதா என்ற நப்பாசையில், தான் வாயில் செருகிய மூச்சுக் குழாயைப் பிடித்திருந்த நாடா கழுத்தை இறுக்குகிறதோ என்று தடவிப் பார்த்தாள். அது கன்னத்தில்தான் ஒட்டியிருந்தது, கழுத்தைத் தொடவே இல்லை.

ஈரக் கைகளை உயர்த்திப் பிடித்தபடி அவர் உள்ளே வந்தார். தியேட்டர் அக்கா பச்சைத் துணியை விரித்தாள். அது விழுந்துவிட்டால் கழுத்து மறைந்துவிடும். பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது, அவளைத் தவிர.

“அக்கா, மூடாதீங்க.”

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. அவர் முகக்கவசத்துக்கு மேலே புருவத்தை நெரித்தார்.

“என்ன டாக்டர்?”

“நரம்பு புடைச்சிருக்கு.”

“மேஜையைத் தூக்குங்க, மருந்து குடுங்க. வழக்கமா செய்யறதுதானே?”

“தையல்காரம்மாவுக்கும் வழக்கம்போலத்தான் குடுத்தேன்.”

 அவர் கண்கள் டிரைவரின் கழுத்துக்குப் போய், திரும்பி அவள் முகத்துக்கு வந்து, அங்கேயே நின்றன. உயர்த்தியிருந்த தன் கைகளை அவர் ஒருமுறை பார்த்துக்கொண்டார், அவை யாருடையவையோ என்பது போல.

 ஒரு வாரமென்ன, இனி ஆயுசுக்கும் அலமாரியோடுதான் பேசுவாரோ என்னவோ. பேசட்டும்.

“என்னங்க,” என்றாள். அந்த அறைக்குள் அவள் ஒருநாளும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. “கிளாம்பைத் தளர்த்துங்க. தோளுக்கடியில ஒரு துணிச்சுருட்டு வைப்போம். தலையைக் கொஞ்சம் நேராக்கி, மறுபடி வைங்க.”