தார் ரோட்டில் இரும்புச் சக்கரம் இறங்கக் கூடாது

அன்று காலை கால்வாய் முக்கில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இருந்தேன். என் தம்பி ராமப்பன் இருந்தான். எங்கள் டிராக்டர் ஓட்டும் ஜேம்ஸ் இருந்தான். முக்கில் பஞ்சர் கடை வைத்திருந்த சாந்த் பாஷா இருந்தார். பிறகு என் தங்கை நாராயணம்மாவும் அவள் புருஷன் சென்னகிருஷ்ணனும். வேறு யாரும் இல்லை. பாரூர் ஏரிக்குக் கீழே உள்ள ஊர்களில் இதைப் பேசுகிறவர்கள் எல்லாரும் தாங்களே பக்கத்தில் நின்று பார்த்தது போலப் பேசுகிறார்கள். நின்றவர்கள் நாங்கள்தான்.

எண்பத்தாறில் நான் பஞ்சாயத்துத் தலைவரானேன். அடுத்த வருஷம் எங்கள் ஊருக்குத் தார் ரோடு வந்தது. அதற்குப் போன நிலத்தில் பாதி எங்கள் வீட்டு நிலம். அதுவரை மழை பெய்தால் பிள்ளைத்தாய்ச்சியைக் கட்டிலில் வைத்துத் தூக்கிப் போன ஊர் இது. ரோடு வந்த முதல் நடவிலேயே, சேடை ஓட்டுவதற்கு இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டர்கள் அதன் மேல் ஏறி இறங்கின. சேற்றைக் கலக்குவதற்கென்று பல் வைத்த சக்கரம் அது. தாரில் பட்டால் கோழி கிளறின குப்பை மாதிரி ஆகிவிடும். ஒரே மாதத்தில் பஸ்காரன் எங்கள் ஊருக்கு வரமாட்டேன் என்றான்.

கோயில் முன்னால் ஊரைக் கூட்டிக் கட்டுப்பாடு போட்டோம். இரும்புச் சக்கரம் தாரைத் தொடக் கூடாது. அக்கரை வயலுக்குப் போக வேண்டியவன் கால்வாய் முக்கில் மட்டும் தாண்ட வேண்டும், அதுவும் டயர் விரித்துத்தான் தாண்ட வேண்டும். பழைய லாரி டயர்களை அறுத்து விரித்து நான்கு துண்டு செய்து கொடுத்தவர் சாந்த் பாஷா. இருக்கிற டயர் அவ்வளவுதான் என்பதால் ஒரு வழக்கமும் தானாக வந்தது. தாண்டியவன் வேலை முடித்துத் திரும்பும்வரை டயர் அவன் பொறுப்பு. இல்லாவிட்டால் அவன் எப்படித் திரும்புவான்? கட்டுப்பாட்டை மீறினால் சக்கரத்தைக் கழற்றி, நடவு முடியும்வரை பஞ்சாயத்து ஆபீஸ் வேப்பமரத்தில் சங்கிலி போட்டு வைப்பது.

அந்த மரத்தில் முதலில் கட்டப்பட்டது எங்கள் வீட்டுச் சக்கரம். கரைப் பாதை சேறாக இருக்கிறது என்று ஜேம்ஸ் கொஞ்ச தூரம் தாரில் ஓட்டிவிட்டான். யாரும் வந்து சொல்லவில்லை, நானே பார்த்தேன். நானே நின்று கழற்றச் சொன்னேன். எங்கள் வீட்டுப் பெண்கள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த வருஷம் நாங்கள் பிந்தி நட்டோம். களத்தில் தூற்றியபோது பாதி பதராகப் பறந்தது. நான் யாரிடமும் விலக்குக் கேட்கவில்லை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்கிறவன் அரைக்கதை சொல்கிறவன்.

நாராயணம்மா விஷயம் வேறு. அப்பா செத்த வருஷம் கழிவதற்குள் அவள் பங்கு கேட்டாள். வீட்டுக்குள் கேட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. நான் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, ஊர் பார்க்க, கூட்டத்தில் எழுந்து கேட்டாள். எங்கள் வீட்டில் பெண் பிறந்தால் சீர் கொடுப்போம், பிரசவம் பார்ப்போம், செத்தால் கோடி போடுவோம். பங்கு கேட்டவள் அவள் ஒருத்திதான். கேட்டாள், கொடுத்துவிட்டேன். ரோட்டுக்கு அக்கரையில் பள்ளத்து வயல். அன்றோடு எனக்கும் அவளுக்கும் பேச்சு நின்றது. அவள் காதில் விழ வேண்டியது ஏதாவது இருந்தால் நடுவில் யாரையாவது வைத்துச் சொல்வேன். பெரும்பாலும் அது பாஷாவாக இருக்கும். அவர் கடை முக்கில் இருந்தது.

அவர்களுக்கு அந்த வயல் ஒன்றுதான் ஆதாரம். சென்னகிருஷ்ணன் மாட்டை விற்றுவிட்டு, சிங்காரப்பேட்டையில் யாரோ ஓட்டித் தேய்த்த டிராக்டர் ஒன்றை வாங்கி வந்தான். கூலிக்கு ஓட்டிப் பெரிய ஆளாகிவிடலாம் என்று அவனுக்கு எண்ணம். தொண்ணூறாம் வருஷம் நடவில் அதன் பின்டயர் ஒன்று வெடித்துப் பாஷா கடையில் கிடந்தது. வேகவைத்து ஒட்டி எடுக்க இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றார் பாஷா. ஆகவே வண்டிக்கு இரும்புச் சக்கரத்தை விட்டால் வேறு கால் இல்லை. பள்ளத்து வயலுக்குத் தண்ணீர் முறை அன்று ஒரு நாள். சாயங்காலம் மடையை அடைத்துவிடுவார்கள். நாற்று ஏற்கெனவே முற்றத் தொடங்கியிருந்தது. அடுத்த முறைவரை அது தாங்காது என்று வயலில் இறங்கிய எவனுக்கும் தெரியும். அன்று சேடை ஓட்டினால் அவர்களுக்குச் சோறு. இல்லையென்றால் அந்த வருஷம் இல்லை.

டயர் துண்டுகள் எங்களிடம் இருந்தன. எங்கள் வண்டி முந்தின நாள் தாண்டி அக்கரையில் நின்றது. வேலை முடிந்துவிட்டதா என்று கேட்பார்கள். முடிந்துவிட்டது. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, டயரை எங்கள் மோட்டார் ரூமில் போட்டுப் பூட்டச் சொன்னேன். எங்கள் வண்டி எங்கள் வயலில் நிற்பதற்கு நான் யாரைக் கேட்க வேண்டும்? திரும்பும்வரை டயர் தாண்டியவன் பொறுப்பு. வழக்கம் அது.

விடிந்ததும் சென்னகிருஷ்ணன் வண்டியை மண் பாதையில் கொண்டுவந்து தார் விளிம்பில் நிறுத்தினான். நாங்கள் மூவரும் பாஷா கடை முன்னால் இருந்தோம். அவன் எங்களிடம் கேட்கவில்லை. பாஷாவிடம் போய் டயர் எங்கே என்று கேட்டான். பாஷா என்னைப் பார்த்தார். எங்கள் வண்டி இன்னும் திரும்பவில்லை என்று நான் பாஷாவிடம் சொன்னேன்.

“தலைவரே, ஒரு தடவ தாண்டிக்கட்டும். சாயந்திரம் நானே தூக்கியாந்து உங்க ரூம்ல போட்டுர்றேன்” என்றார் பாஷா.

“நீ பஞ்சர் ஒட்டு பாஷா. ஊருக்கு ஒட்டுப் போடாத.”

ஜேம்ஸ் சிரித்தான். ராமப்பன் சிரிக்கவில்லை.

வண்டிக்குப் பின்னால் நடந்து வந்திருந்த நாராயணம்மா வீட்டுப் பக்கம் திரும்பிப் போனாள். சென்னகிருஷ்ணனும் பின்னால் ஓடினான். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கதவைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். வாசல் இரட்டைக் கதவு. எங்கள் தோட்டத்துப் பலாவை அறுத்து அப்பா அவளுக்குச் செய்து கொடுத்தது. ஆசாரி அதில் வேலை செய்த ஒரு மாதமும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதைத் தாரின் மேல், ஒரு சக்கரத்துக்கு ஒன்று என்று படுக்க வைத்தார்கள்.

கதவைப் போட்டு ஓட்டலாமா என்று ராமப்பன் என்னைக் கேட்டான். தாரில் பல் படாவிட்டால் எனக்கு வழக்கு இல்லை என்றேன். நியாயத்தைத்தான் சொன்னேன்.

வண்டி ஏறியது. பலாப்பலகையில் பல் இறங்கும் சத்தம் கேட்டது. பாதி ரோடு வந்ததும் கதவு முடிந்துவிட்டது. இன்னும் பாதிக்கு விரிக்க ஒன்றுமில்லை. பாஷா தன் கடை பெஞ்சைத் தூக்கிவந்து காலை உதைத்து ஒடித்து, பலகையை ஒரு பக்கச் சக்கரத்துக்கு முன்னால் போட்டார். அதற்காக நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அவர் பெஞ்சு. மறுபக்கத்துக்கு எதுவும் இல்லை. வண்டி நடு ரோட்டில் கதவின் மேல் உறுமிக்கொண்டு நின்றது. கீழே பலகை கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் நாராயணம்மா என் முன்னால் வந்து நின்றாள். நேராக என்னிடமே பேசினாள்.

“அண்ணா, ஒரு துண்டு குடு. ஒண்ணே ஒண்ணு போதும். வண்டி எறங்கினதும் நானே கழுவி வெச்சிர்றேன். நாத்து போயிரும்ணா.”

நான் பாஷா பக்கம் திரும்பினேன்.

“பாஷா, அந்தம்மாகிட்டச் சொல்லு. பங்கு பிரிச்சப்ப டயரைக் கேக்க மறந்துட்டாங்க. அண்ணனையும் சேர்த்துத்தான் பிரிச்சு வுட்டாச்சு, இப்ப கூப்பிட்டா வரமாட்டான்.”

பாஷா சொல்லவில்லை. அவள் பக்கத்திலேயே நிற்கிறாள், சொல்லவும் தேவையில்லை.

ராமப்பன் என் கையைப் பிடித்தான். “அண்ணா, கூடப் பொறந்தவ. இன்னிக்கு வுட்டுரு. ஊரு ஒண்ணும் சொல்லாது.”

“நம்ம சக்கரத்தக் கழட்டினன்னிக்கு ஊரு என்ன சொல்லுச்சு?”

அவன் கையை எடுத்துக்கொண்டான். அன்று ஊர் சொன்னது அவனுக்கு நினைவிருக்கும். அந்த வீட்டில் ஒரு பேச்சுத்தான் என்று சொன்னது. அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் பாதி நெல்லைப் பதராக்கினோம். தங்கைக்கு ஒரு சட்டம் என்று நாளைக்கு எவனாவது என் முகத்துக்கு முன்னால் கேட்க நான் இடம் வைக்க முடியாது.

நாராயணம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. வண்டியிலிருந்த கோணிச் சாக்குகளைக் கால்வாயில் நனைத்து, நாலாக மடித்து, சக்கரத்துக்கு முன்னால் அடுக்கினாள். அதன் மேல் தன் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு விலகி நின்று புருஷனுக்குத் தலையை ஆட்டினாள். ஒரு பக்கம் பெஞ்சுப் பலகை தாங்கியது. மறுபக்கம் சாக்கு தாங்கவில்லை. வண்டி இறங்கிப் போய்ப் பள்ளத்து வயல் வரப்பில் நின்றது. வயலில் தண்ணீர் நிறைந்திருந்தது.

நான் ரோட்டுக்குப் போய்ச் சாக்கைத் தூக்கினேன். குனிந்து விரலை வைத்துப் பார்த்தேன். பல் இறங்கிய குழிகள் வரிசையாக இருந்தன. ஜல்லி வெளியே தெரிந்தது. ராமப்பனையும் வந்து பார்க்கச் சொன்னேன். வரவில்லை.

ஜேம்ஸிடம் ஜாக்கியை எடுத்துப்போகச் சொன்னேன். அவன் கொஞ்சம் தயங்கினான். உன் தப்புக்கு என் சக்கரத்தைக் கழற்றினேன், இவன் தப்புக்கு இவன் சக்கரத்தைக் கழற்றக் கூடாதா என்று கேட்டேன். போனான். சென்னகிருஷ்ணன் ஸ்பேனரை ஓங்கிக்கொண்டு வந்தான். நாராயணம்மா அவன் கையைப் பிடித்து ஸ்பேனரை வாங்கினாள். வாங்கி ஜேம்ஸிடமே கொடுத்தாள்.

“இதுல கழட்டு. ஒன்னோடது பொருந்தாது” என்றாள்.

சக்கரம் இரண்டும் வேப்பமரத்துக்குப் போயின. வண்டி வரப்பில் கல்லின் மேல் நின்றது. சாயங்காலம் மடையை அடைத்தார்கள். பள்ளத்து வயலில் தண்ணீர் இரண்டு நாள் பளபளத்துக் கிடந்து வற்றியது. நாற்று முற்றி முடிச்சு விழுந்தபின் அவள் அதை அறுத்து அக்கம்பக்கத்து மாடுகளுக்குப் போட்டாள். எங்கள் மாட்டுக்கும் கொண்டுவந்தாளாம். வாங்கக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

வாசலில் கதவு இருந்த இடத்தில் கோணி தொங்கியது. நடவு முடிந்த அன்றே, சொன்ன சொல்படி, சக்கரத்தின் சங்கிலியை அவிழ்த்தேன். எடுத்துக்கொள்ள ஆள் வரவில்லை. அதற்குள் சென்னகிருஷ்ணன் ஓசூரில் ஏதோ கம்பெனிக்குப் போய்விட்டான். ஆடி முடிந்து அவளும் போனாள். கிளம்பும்போது பாஷா, வீட்டைப் பூட்டிக்கொண்டு போகச் சொல்லிப் பூட்டு ஒன்று கொடுத்தாராம். எதில் மாட்டுவது என்று கேட்டாளாம். பாஷா இதை என்னிடம் சொல்லவில்லை. அவர் என்னிடம் எதுவும் சொல்வதை நிறுத்தி நாளாகிறது. ராமப்பனிடம் சொல்லி, ராமப்பன் சொன்னான்.

ரோடு இன்றும் இருக்கிறது. பஸ் வருகிறது. அந்தக் குழிகளை ஜல்லி போட்டு அடைத்தது என் கைதான், பஞ்சாயத்து ஆளை விடவில்லை. அதற்குப் பிறகு எந்த இரும்புச் சக்கரமும் தாரைத் தொட்டதில்லை. தளியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் ஆட்கள் வந்து, இந்த ஊரில் மட்டும் ரோடு எப்படி நிற்கிறது என்று கேட்டுப் போனார்கள்.

இப்போது ஊரில் ஒரு பேச்சு. போன தையில் நான் ஒரு வழக்கு விஷயமாக ஓசூர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் நாராயணம்மா கம்பெனி பஸ்ஸுக்கு நின்றாள் என்றும், நீலச் சட்டை மாட்டிக்கொண்டு சாப்பாட்டுத் தூக்கு வைத்திருந்தாள் என்றும், நான் “நாராயணம்மா” என்று கூப்பிட்டேன் என்றும், அவள் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டாள் என்றும் சொல்கிறார்கள். அவள் நின்றது உண்மை. நீலச் சட்டை உண்மை. தூக்கும் உண்மை.

நான் கூப்பிடவில்லை.