வாய்விட்டு ஒரு சண்டை

வீட்டு வசதி வாரியத்தில் எல்லோரும் அவளை அளவுக்காரி என்றே கூப்பிட்டார்கள். வாடகைக் குடியிருப்புகளை அவற்றில் இருப்பவர்களுக்கே விற்பது என்று வாரியம் முடிவெடுத்ததிலிருந்து, டேப்பும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்குவது அவள் வேலை. நீள அகலம் குறித்து, கடைசியில் 'குடியிருக்கிறார்' அல்லது 'குடியிருக்கவில்லை' என்று டிக் போட வேண்டும். குடியிருப்பவருக்கு வீடு சொந்தம். ஆளில்லாத வீடு, காத்திருப்போர் பட்டியலில் முதலில் நிற்பவருக்கு.

வாரியம் புது வீடு கட்டியே வெகுகாலமாகிறது. பட்டியல் மட்டும் அனுமார் வாலாக நீண்டது. பதினோரு வருஷம் காத்திருந்து போன மாதம்தான் அதன் தலைக்கு வந்திருந்தாள் அளவுக்காரி. வந்து என்ன? ஊரார் வீட்டையெல்லாம் ஊராருக்கே அளந்து கொடுத்தாயிற்று. மிச்சம் ஒரே ஒரு வீடு.

அவளுக்கு மாளிகை வேண்டாம். கணவனோடு வாய்விட்டு ஒரு சண்டை போட வேண்டும், அவ்வளவுதான். கல்யாணமானதிலிருந்து கணவனின் அண்ணன் வீட்டு ஹாலில், திரைக்குப் பின்னால் குடித்தனம். அண்ணனும் அண்ணியும் தங்கமானவர்கள், அதுதான் தொல்லையே. பொல்லாதவர்களாக இருந்தால் என்றைக்கோ கத்தியிருக்கலாம். பதினோரு வருஷச் சண்டையும் கிசுகிசுப்பில்தான். பாதிச் சண்டை "என்ன சொன்னே? கேக்கல" என்பதிலேயே முடிந்துபோகும்.

அந்தக் கடைசி வீடு மூன்றாம் மாடி. கீழ்வீட்டுக்காரர் படியிலேயே மடக்கினார்.

"நர்ஸம்மா வீடா? அங்க யாரும் இருக்கறதே இல்லீங்க. பூட்டுதான் குடியிருக்கு."

அளவுக்காரி மிச்சப் படிகளை இரண்டிரண்டாக ஏறினாள். கதவைத் திறந்தது நர்ஸ்தான்.

"நீங்க அளந்துட்டிருங்க, தலை வாரிட்டு வந்துடறேன். வேலைக்கு நேரமாச்சு."

வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று அளவுக்காரி மனிதர்களைக் கேட்பதில்லை. மனிதர்கள் பொய் சொல்வார்கள். பாத்திரம் தேய்க்கிற நாரைத் தொட்டுப் பார்ப்பாள். இந்த நார் கல் மாதிரி காய்ந்திருந்தது. அடுப்பில் தூசி. சமையல்கட்டுக் குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத்தான் தண்ணீர் விட்டது.

அப்புறம் மனசு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கட்டில் இங்கே, பீரோ அங்கே என்று டேப்பைப் பிடித்தபடியே குடியேறிவிட்டாள். ஹால் நடுவில் நின்று, "ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று கத்தியே விட்டாள். தன் குரல் இவ்வளவு பெரிசு என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. எவ்வளவு சுகமாக இருந்தது!

"என்னையா சொன்னீங்க?" என்றாள் நர்ஸ் உள்ளிருந்து.

"இல்லீங்க, சும்மா..." அசடு வழிந்தபடி பால்கனியை அளக்கப் போனாள்.

கொடியில் ஒரே ஒரு வெள்ளைச் சீருடை. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு ஷிப்ட் பாக்கறேன்மா," என்று பின்னாலேயே வந்தாள் நர்ஸ். "சாப்பாடெல்லாம் ஆஸ்பத்திரி கேன்டீன்ல. இங்க வந்து துணியத் துவைச்சுப் போட்டுட்டு நாலு மணி நேரம் கட்டையச் சாய்ப்பேன். எல்லாம் இந்த வீட்டை வாங்கத்தான். வாங்கிட்டா, ஒருநாளாவது இந்த அடுப்புல சமைச்சு உக்காந்து சாப்பிடணும்."

அளவுக்காரி பேனாவைத் திறந்தாள். கீழ்வீட்டுக்காரர் சாட்சி, நார் சாட்சி, தூசியும் சாட்சி. எந்த அதிகாரியும் மாடியேறி வந்து பார்க்கப்போவதில்லை. சீருடை மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது. பாழாய்ப்போன சீருடை, கொஞ்சம் முன்னாலேயே காய்ந்து தொலைத்திருக்கக் கூடாதா! 'குடியிருக்கிறார்' என்று டிக் போட்டாள்.

சாயங்காலம் திரைக்குப் பின்னால் கணவனின் காதோடு சொன்னாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" அவன் உதடு மட்டும் அசைந்தது. "கைக்கு வந்த வீட்டைத் தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கே!"

"அடுத்தவ வயித்தெரிச்சல்ல குடித்தனம் பண்ணச் சொல்றீங்களா?"

"அப்ப ஆயுசுக்கும் இந்தத் திரைதானா?"

அவள் பல்லைக் கடித்தாள். அவன் சத்தம் வராமல் தலையில் அடித்துக்கொண்டான். இவ்வளவு பெரிய சண்டை இதுவரை வந்ததில்லை. அழுகை முட்டியது, மூக்கைக்கூட உறிஞ்சாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணி வாஞ்சையோடு கேட்டாள்.

"என்னடி, ரெண்டு பேர் சத்தத்தையே காணோம்? தூங்கிட்டீங்களா?"

"இல்லக்கா," என்றாள் அளவுக்காரி. "சும்மா பேசிட்டிருக்கோம்."